முடக்குவாதத்தோடு யோகா: எவ்வளவு, எப்படி, எப்போது நிறுத்துவது

எனக்கு முடக்குவாதம். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைப் பகையாக நினைத்துத் தாக்குகிற நோய். விரல் கணுக்கள், மணிக்கட்டுகள், பாதத்தின் முன்பகுதி என்று பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும். அடியோடு போய்விடும் நோயில்லை. மருந்தால் அடக்கி வைக்கலாம்; நிறைய பேருக்கு நன்றாகவே அடங்கும். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், அதன் தொந்தரவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட், இடையிடையே ரத்தப் பரிசோதனை என்று என் நாட்கள் போகின்றன. அதற்குள்தான் யோகாவும் இருக்கிறது.

யோகா செய்தால் இந்த நோய் போய்விடுமா என்று கேட்டால், போகாது. மூட்டு அரிக்கப்படுவதைத் தடுத்து நிறுத்துவது மருந்துதான். யோகாவால் எனக்குக் கிடைப்பது வேறு. காலை இறுக்கம் கொஞ்சம் சீக்கிரம் விடுகிறது. ராத்திரி தூக்கம் பிடிக்கிறது. மூட்டைச் சுற்றியிருக்கிற தசைகள் வலுவிழக்காமல் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட, "அசைத்தால் வலிக்குமோ" என்கிற பயம் தணிந்திருக்கிறது. அந்தப் பயத்தை லேசாக நினைக்கக் கூடாது. வலிக்குப் பயந்து அசைக்காமல் வைத்திருக்கும் தோள்பட்டை கொஞ்ச நாளிலேயே இறுகிப்போய், தலை வாரக்கூடக் கை மேலே எழும்பாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். குணமாவது என்று நான் சொல்வது, நோய் இருக்கும்போதே உடம்போடு திரும்பவும் நல்ல உறவுக்கு வருவதை.

அதற்கு எந்த ஆசனம் நல்லது என்று பட்டியல் தேடுவதை விட, எவ்வளவு செய்வது என்று தெரிந்துகொள்வது முக்கியம். மருந்துக்கு எப்படி அளவு உண்டோ, நோயாளியின் யோகாவுக்கும் அப்படி அளவு உண்டு. அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு நாளுக்கு நாளும் மாறும். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதைக் கண்டுபிடிப்பது பற்றித்தான்.

முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

"யோகா செய்யலாமா டாக்டர்?" என்று கேட்டால், "தாராளமா செய்யுங்க" என்ற பதில்தான் வரும். அது போதாது. கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி கழுத்தைப் பற்றி. முடக்குவாதம் பல வருஷம் இருந்தால், கழுத்தின் மேல் உச்சியில் இருக்கிற முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்துபோகலாம். வெளியே ஒன்றும் தெரியாது, சிலருக்கு வலிகூட இருக்காது. அந்த நிலையில் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் என்று கழுத்தில் பாரம் விழும் எதைச் செய்தாலும் தண்டுவடத்துக்கே ஆபத்து. கழுத்தை வட்டமாகச் சுழற்றுவதும் தலையை வேகமாகப் பின்னால் சாய்ப்பதும்கூட வேண்டாம். தேவைப்பட்டால் தலையைக் குனிந்த நிலையிலும் நிமிர்ந்த நிலையிலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். "என் கழுத்து உறுதியாக இருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை, தலைகீழ் ஆசனங்களை முடக்குவாதக்காரர்கள் யாரும் செய்ய வேண்டியதில்லை. அதில் கிடைப்பது எதுவும் வேறு வழியில் கிடைக்காமல் போகாது.

இரண்டாவது கேள்வி எலும்பைப் பற்றி. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருக்கலாம். அப்படி இருந்தால் முதுகை வளைத்துக் குனிந்து கால் விரலைத் தொடுகிற பச்சிமோத்தானாசனம் போன்றவற்றைத் தள்ளி வைக்க வேண்டும். பலவீனமான முதுகெலும்பில் முன்புறம் அழுத்தம் விழுந்து நொறுங்கிவிட வாய்ப்புண்டு. பலமாக உடலை முறுக்குவதும் வேண்டாம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், எந்த அளவுக்கு மடக்கலாம், சம்மணம் போடலாமா, கால் மேல் கால் போடலாமா என்று அறுவை செய்த டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஒரே ஒரு முறையாவது பார்த்து, எந்த மூட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்து சொல்லச் சொல்வது நல்லது. அந்தத் தாளை யோகா ஆசிரியரிடம் காட்டலாம்.

அளவைக் கண்டுபிடிப்பது

செய்யும்போது எப்படி இருந்தது என்பதை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள். செய்யும்போது பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். உடம்பு சூடாகி, மூட்டு இளகி, இன்னும் கொஞ்சம் போகலாம் என்றே தோன்றும். கணக்கு பிறகுதான் வரும்.

மூட்டு நோய்க்காரர்களுக்குப் பல பிசியோதெரபிஸ்டுகள் சொல்லும் இரண்டு மணி நேரக் கணக்கு ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து 2 மணி நேரம் கழித்து, தொடங்கும் முன் இருந்ததை விட மூட்டு வலி அதிகமாக இருந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது. அடுத்த முறை குறைக்க வேண்டும். நான் அதோடு மறுநாள் காலையையும் சேர்த்துக்கொள்கிறேன். எழுந்ததும் விரல்கள் மடங்க வழக்கத்தை விட அதிக நேரம் ஆனால், முந்தைய நாள் செய்தது கூடுதல். இந்த இரண்டையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன செய்தேன், 2 மணி நேரம் கழித்து எப்படி, மறுநாள் காலை இறுக்கம் எத்தனை நிமிடம். சில வாரம் எழுதினால் உங்கள் எல்லை எங்கே என்று நோட்டே காட்டும். டாக்டரிடம் போகும்போதும் அந்த நோட்டு உதவும். "எப்படி இருக்கீங்க?" என்றதும் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வருவதை விட, காலை இறுக்கம் இத்தனை நிமிடம் என்று சொன்னால் அவர் மருந்தைத் தீர்மானிக்கவே அது பயன்படும்.

தொடக்கத்தில் உங்களால் முடியும் என்று தோன்றுவதில் பாதியோடு நிறுத்துங்கள். பத்து நிமிடம் முடியும் என்றால் ஐந்து. கையை முழுதும் உயர்த்த முடியும் என்றால் முக்கால்வாசி. ஒவ்வொரு அசைவிலும் கடைசி எல்லைவரை போய் அங்கே அழுத்துவது, அழற்சி இருக்கிற மூட்டுக்கு ஆகாது. இழுக்கிற உணர்வு தசையில் இருந்தால் சரி. மூட்டுக்குள்ளே குத்தினாலோ சுருக்கென்றாலோ உடனே பின்வாங்குங்கள்.

நேரமும் அளவில் சேர்ந்ததுதான். அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் விடியற்காலையில் உடம்பில் கூடுதலாக இருக்கும்; அதனால்தான் காலை இறுக்கம். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து செய்தால்தான் யோகா என்று யாராவது சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நான் நாற்காலிப் பயிற்சியைக் காலை பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன் வெந்நீரில் கைகளை முக்கி எடுத்தாலோ, வெந்நீரில் குளித்தாலோ பாதி வேலை முடிந்துவிடும். மெத்தோட்ரெக்ஸேட் எடுத்த மறுநாள் எனக்கு அசதியும் குமட்டலும் இருக்கும். அன்று படுத்துச் செய்வதைத் தவிர எதுவும் கிடையாது. உங்கள் வாரத்திலும் அப்படி ஒரு நாள் இருக்கும். முன்கூட்டியே அதை ஓய்வு நாளாகக் குறித்து வையுங்கள்.

படுக்கையிலேயே, எழுவதற்கு முன்

எவ்வளவு மோசமான நாளிலும் செய்யக்கூடியது இது. பீகாரின் முங்கேர் யோகப் பள்ளியில் சுவாமி சத்யானந்த சரஸ்வதி வகுத்த பவனமுக்தாசன வரிசையில், முதல் பகுதியே வாத நோய்க்காரர்களுக்கானது. கால் விரலில் தொடங்கிக் கழுத்துவரை ஒவ்வொரு மூட்டாக அசைத்துப் போவார்கள். அதை அங்கே உட்கார்ந்து செய்வார்கள். நான் அதிலிருந்து எனக்கு வேண்டியதை எடுத்துப் போர்வைக்குள்ளேயே செய்கிறேன். கழுத்துச் சுழற்சியை விட்டுவிடுகிறேன்.

மல்லாந்து படுத்தபடி கால் விரல்களை மடக்கி விரியுங்கள். பிறகு இரண்டு பாதங்களையும் கணுக்காலிலிருந்து முன்னும் பின்னும். பிறகு ஒரு முழங்காலை மடக்கி, குதிகாலைப் படுக்கையோடு உரசியபடியே இழுத்து, திரும்ப நீட்டுங்கள். காலைத் தூக்க வேண்டாம். உரசிப் போவதால் இடுப்பு மூட்டுக்குப் பாரமில்லை.

கைக்கு வரும்போது நிதானிப்பேன், ஏனென்றால் என் நோய் குடியிருப்பது அங்கேதான். முதலில் உள்ளங்கைகளை வயிற்றின் மேல் வைத்துச் சும்மா இருப்பேன். வயிற்றின் சூடு விரல்களுக்கு ஏறும். பிறகு கட்டைவிரல் நுனியால் ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டு வட்டம் போலச் செய்வது. அழுத்தாமல், தொட்டால் போதும். அப்படியே நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். சில காலையில் சுண்டுவிரல்வரை கட்டைவிரல் போகாது. எவ்வளவு போகிறதோ அங்கேயே நின்று ஒரு மூச்சு விட்டுத் திரும்புங்கள். அடுத்தது, உள்ளங்கையைப் படுக்கையில் பதித்து, ஒவ்வொரு விரலாகத் தூக்கிக் கட்டைவிரல் பக்கமாக ஒரு நூல் அளவு நகர்த்தி வைப்பது. இந்த நோயில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயும் போக்கு உண்டு. எதிர்ப்பக்கம் நகர்த்திப் பழக்குவது அதனால்தான். இறுக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லும் பயிற்சிகளை விட்டுவிடுங்கள். சுருட்டிய துண்டு ஒன்றைத் தளர்வாகப் பிடித்து விட்டால் போதும்.

எழும்போது விரல்களை ஊன்றி எழாதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையையும் முன்கையையும் ஊன்றி, கால்களைக் கீழே தொங்கவிட்டபடியே எழுந்து உட்காருங்கள். தலை கடைசியில் வரட்டும். உட்கார்ந்து நாலைந்து மூச்சு விட்டுவிட்டு நிற்கலாம்.

நாற்காலியில்

நாற்காலியில் செய்வதெல்லாம் யோகாவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக நோயில் கிடந்தவர். நாற்காலி, பெல்ட், கட்டை, தலையணை எல்லாவற்றையும் யோகாவுக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் அவர்தான். உடம்பு வளையாதவர்களும் ஆசனத்தின் பலனை அடைய வேண்டும் என்பதற்காக. அவருடைய குருவான கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கியபோது முன்வைத்ததும் இதே வழிதான்: ஆளைப் பார்த்து யோகாவை மாற்றிக் கொடுப்பது. ஆகவே தயங்காமல் நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.

கைப்பிடியும் சக்கரமும் இல்லாத, ஆடாத நாற்காலி வேண்டும். அதன் முன்பாதியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். எட்டவில்லை என்றால் மடித்த போர்வையைப் பாதத்துக்குக் கீழே வையுங்கள். உள்ளங்கைகள் தொடையின் மேல், மேல்நோக்கி. இப்படி வைத்தால் மணிக்கட்டில் எந்த அழுத்தமும் இருக்காது.

மூச்சை இழுக்கும்போது மார்பு லேசாக முன்னே வந்து முதுகு நிமிரட்டும். விடும்போது தொப்புளை உள்ளே வாங்கி முதுகு சற்றே பின்னால் வளையட்டும். நாலு காலில் நின்று செய்யும் மார்ஜரி ஆசனத்தை மணிக்கட்டும் முட்டியும் தாங்காதவர்கள் இப்படிச் செய்யலாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் நிமிர்வதை மட்டும் செய்து நேர்நிலைக்குத் திரும்பினால் போதும். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். மூச்சு முன்னே போக, அசைவு அதன் பின்னே போக வேண்டும். மூச்சு முடிவதற்குள் அசைவு முடிந்துவிட்டால் வேகம் அதிகம்.

அடுத்து கைகள். மூச்சை இழுத்தபடி இரண்டு கையையும் முன்பக்கமாக உயர்த்தி, விட்டபடி இறக்குங்கள். தோள்பட்டை மறுத்தால் விரல் நுனிகளைத் தோளில் வைத்து, முழங்கைகளால் சின்ன வட்டம் போடுங்கள். அதுவும் முடியாத நாளில் தோளை மட்டும் காதை நோக்கித் தூக்கி இறக்கலாம். இப்படி ஒவ்வொன்றுக்கும் பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று அளவு கைவசம் வைத்துக்கொண்டால், "இன்னைக்கு முடியலை" என்று முழுதாக விட்டுவிட வேண்டி வராது.

முழங்காலுக்கு: ஒரு காலை நேராக நீட்டி, தொடையின் முன்தசையை இறுக்கி, இரண்டு மூச்சு நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். முட்டியைத் தாங்குவது அந்தத் தசைதான். நான் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் இதைத்தான் செய்வேன்.

உடலைத் திருப்பும்போது நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்துத் திரும்பக் கூடாது. விலா எலும்புகள் எவ்வளவு தாமாகத் திரும்புகின்றனவோ அவ்வளவுதான். தலை மார்போடு சேர்ந்து போகட்டும்; கழுத்து மட்டும் கூடுதலாகத் திரும்ப வேண்டாம்.

நிற்க முடிகிற நாளில் சுவர் பக்கம் போய் நின்று, முன்கைகளைச் சுவரில் பதித்து, இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி முதுகை நீட்டலாம். கைகளையும் கால்களையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தி நிற்கும் அதோமுக ஸ்வானாசனத்தில் கிடைக்கிற நீட்சி மணிக்கட்டை வதைக்காமல் கிடைக்கும். பாதத்தின் முன்பகுதி வலிப்பவர்கள் வெறுங்காலில் நிற்க வேண்டாம், மெத்தென்ற செருப்போடே நிற்கலாம். குதிகாலைத் தூக்கி நிற்பது வேண்டாம்.

எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம். அதற்கு மேல் நீட்டாமல் நிறுத்துங்கள்.

கால்களை நாற்காலியில் போட்டுப் படுப்பது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விரிப்பின் மேல் ஒரு போர்வை. மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்காலையும் நாற்காலியின் இருக்கையில் போடுங்கள். முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்கும், இடுப்புக்கு மேலே தொடை நிமிர்ந்திருக்கும். இருக்கை உயரமாக இருந்தால் முதுகுக்குக் கீழே போர்வையைக் கூட்டுங்கள். தலைக்கு மடித்த துண்டு: நெற்றியை விட முகவாய் கொஞ்சம் தாழ்ந்திருக்கிற உயரம். கழுத்தின் வளைவுக்குக் கீழே கைக்குட்டையைச் சுருட்டி வையுங்கள். அங்கே வெற்றிடம் இருக்கக் கூடாது. பிறகு, பலர் விட்டுவிடுவது, மணிக்கட்டுகள். கைகளைத் தரையில் போட்டால் வீங்கிய மணிக்கட்டு பின்பக்கமாக இழுபடும். இரண்டு பக்கமும் மடித்த துண்டு வைத்து, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அதன் மேல் கிடக்கட்டும். கண்ணின் மேல் ஒரு துணி.

முதல் சில நிமிடம் எதுவும் நடக்காதது போல இருக்கும். பிறகு அடிமுதுகு தரையில் படிவது தெரியும். தாடையைக் கவனியுங்கள், முடக்குவாதம் தாடை மூட்டையும் பிடிக்கும், நாமும் வலியைப் பல்லைக் கடித்தே பொறுத்துப் பழகியிருப்போம். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருக்கட்டும். பத்து நிமிடம். எழும்போது முழங்கால்களை மார்பை நோக்கிக் கொண்டுவந்து, ஒருக்களித்துப் படுத்து, சற்று ஓய்ந்து, முன்பு சொன்னபடி முன்கையை ஊன்றி எழுங்கள்.

தரையில் இறங்கி ஏற முடியாதவர்கள் கட்டிலிலேயே தலையணைகளை அடுக்கி அதன் மேல் கெண்டைக்காலைப் போடலாம். ஆனால் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து அப்படியே ராத்திரி முழுக்கத் தூங்கிவிடாதீர்கள். சுகமாகத்தான் இருக்கும். நாளடைவில் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகி, முழுதாக நீட்ட வராமல் போகும். நேரம் வைத்து எடுத்துவிடுங்கள்.

மூச்சு

அசையவே முடியாத நாளிலும் மூச்சு இருக்கிறது. இழுப்பதை விட விடுவதை நீளமாக்குங்கள், அவ்வளவுதான். நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு வரும். சாதாரணமாகப் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். வெளிவிடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகும். உடம்பைப் பதற்றத்திலிருந்து இறக்கிவிடும் நரம்புகள் அப்போது வேலை செய்கின்றன. ஆறுவரை வரவில்லை என்றால் மூன்றும் நாலும் போதும். மூச்சு முட்டக் கூடாது, எங்கேயும் அடக்கி நிறுத்தக் கூடாது.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுகள் நாள்பட்ட நோயாளிகள் தாமாகத் தொடங்கக் கூடாதவை. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடவே கூடாது.

வலியால் தூக்கம் வராத ராத்திரிக்கு யோக நித்திரை. சத்யானந்தர் முறையில் வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி உடம்பின் ஒவ்வொரு பகுதியாக மனதை நகர்த்திப் போவார்கள். நல்ல குரலில் பதிவு செய்ததைக் கேட்டபடி படுத்திருங்கள். வலிக்கிற மூட்டின் பெயர் வரும்போது அங்கேயே தங்கிவிடாமல், அடுத்த பெயருக்கு மனம் போவதே இதில் பெரிய நிம்மதி.

வீக்கம் வந்த நாட்களில்

மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கிறதென்றால் அந்த மூட்டில் பாரம் போடக் கூடாது, இழுக்கவும் கூடாது. ஒரேயடியாகக் கட்டிப்போடவும் வேண்டாம். நாளைக்கு ஓரிரு முறை, வலிக்காத எல்லைக்குள், மெதுவாக மடக்கி நீட்டுங்கள். மற்ற மூட்டுகளுக்கு வழக்கமான படுக்கைப் பயிற்சி. மீதி ஓய்வு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரே ஒரு மூட்டு திடீரென்று மற்றவற்றை விட மிக அதிகமாக வீங்கி, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் அது வழக்கமான வீக்கமாக இல்லாமல் மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். சில சமயம் காய்ச்சல்கூடப் பெரிதாகத் தெரியாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதிதாகக் கழுத்து வலி, தலை குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, கைகால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமை, நெஞ்சு வலி, இவற்றில் எது வந்தாலும் அப்படியே.

வேறு நோய் உள்ளவர்கள்

நான் அனுபவித்து அறிந்தது என் நோயை. மற்ற நோய்களில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களுக்கு, உழைப்புக்குப் பிறகு வரும் சரிவு ஒன்றிரண்டு நாள் தாமதித்தும் வரும். ஆகவே 2 மணி நேரக் கணக்கு அவர்களுக்குப் போதாது. பயிற்சியைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லிவிட்டது. அவர்களுக்கு ஓய்வு நிலைகளும் மூச்சும் போதும். அதையும் கூட்டிக்கொண்டே போகத் தேவையில்லை. மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை எதிர்ப்பு சக்தியே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கு உடல் சூடேறினால் அறிகுறிகள் கூடும். வெப்பமான அறையில் செய்யும் யோகா ஆகாது. தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளை எதிர்ப்பு சக்தியே தாக்கும் லூபஸ் உள்ளவர்கள் வெயிலில் செய்ய வேண்டாம். இன்சுலின் எடுப்பவர்கள் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், இனிப்பு ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சர்க்கரையால் கண் விழித்திரை பாதித்தவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தலையைத் தாழ்த்தக் கூடாது. இதயம் பலவீனமானவர்கள் காலை உயர்த்திப் படுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். நுரையீரல் நோய் உள்ளவர்கள் தட்டையாகப் படுக்காமல் தலையணைகளில் சாய்ந்திருக்கலாம்.

ஆசிரியர்

முடிந்தால் ஆசிரியர் ஒருவரிடம் தொடங்குங்கள். என் ஆசிரியை என்னை விட வயதில் சின்னவள். வகுப்பு தொடங்கும்போது, "அக்கா, இன்னைக்கு எந்த இடம்?" என்று கேட்பாள். நான் மணிக்கட்டைக் காட்டினால் அன்றைக்குக் கை ஊன்றும் எதுவும் வராது. "நேத்து நல்லா செஞ்சீங்களே" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நேற்றைய உடம்பை இன்றைக்கு எதிர்பார்க்காத ஆசிரியர்தான் நமக்கு வேண்டும்.

சேரும் முன் மூன்று கேளுங்கள். என் நோய் உள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா? நடுவில் நிறுத்திப் படுத்துக்கொள்ளலாமா? என்னைத் தொட்டு அழுத்தித் திருத்தாமல் இருப்பீர்களா? மருந்தை நிறுத்தச் சொல்பவரிடம், குறைக்கச் சொல்பவரிடம், "ஆறு மாசத்துல குணமாக்கிடறேன்" என்பவரிடம் ஒரு வகுப்புகூடப் போகாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை நாமாக நிறுத்தினால் நோய் திரும்பவும் மூண்டு, அந்த இடைவெளியில் அரிக்கப்பட்ட மூட்டு பழைய நிலைக்கு வராது.

விட்டுப்போனால்

விட்டுத்தான் போகும். காய்ச்சல் வரும், மருந்து மாற்றுவார்கள், வீட்டில் யாருக்காவது முடியாமல் போகும். வாரக்கணக்கில் விட்டுப்போன பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். படுக்கைப் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். ஒரு வாரம் அது மட்டும். மறுநாள் காலை இறுக்கம் கூடவில்லை என்று நோட்டு சொன்னால் நாற்காலியில் பாதி நேரம். அதுவும் ஒத்துக்கொண்டால் முழு நேரம். தரையில் இறங்குவது கடைசியில்.